முன்னறிவிப்பின்றி வேலை செய்த கணினிகள்

கல்லூரியில் சேர வேண்டுமானால் கணினியில் தேர்வு எழுத வேண்டும் என்பது ஆணை. தேர்வு நடக்கும்போது கணினி வேலை செய்ய வேண்டும் என்று அந்த ஆணையில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆகவே போன வருஷம் பாதித் தேர்வில் திரைகள் அப்படியே நின்றுபோனதை விதிமீறல் என்று சொல்ல தேர்வு ஆணையத்துக்கு மனம் வரவில்லை. பதறி அழுத பிள்ளைகள் கோட்டைவிட்டார்கள். அசையாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. பாடம் படிப்பது பழைய நாகரிகம், காத்திருக்கப் பழகுவதுதான் புதுசு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

மனு மாமாவுக்கு இது சட்டென்று பிடிபட்டது. நகராட்சியில் எழுத்தராக இருப்பவர். தெருவில் யாருக்கு என்ன குறை என்றாலும் மனு எழுதித் தருவதால் வந்த பெயர் அது. அவர் எழுதிய ஒரு மனுவுக்காவது நடவடிக்கை உண்டா என்றால், கிடையாது; ஆனால் நடைக்காகவே படிக்கலாம். அவருடைய ஒரே மகளுக்குக் கால்நடை மருத்துவம் என்றால் உயிர். தெருநாய் நொண்டினால் அதற்குக் கட்டுப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட வருவாள். அந்தப் படிப்பு கிடைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

மாமா அவளைக் கொண்டுபோய் ‘திரைமுடக்கச் சிறப்புப் பயிற்சி மைய’த்தில் சேர்த்தார். அங்கே ஆசிரியர், போன வருஷத் தேர்வுக்கூட மேற்பார்வையாளர். கூடத்திலிருந்த அத்தனை கணினிகளும் அவர் பொறுப்பில்தான் படுத்தன என்பதால் அனுபவத்துக்குக் குறைவில்லை. செத்த திரைக்கு முன்னால் முதுகு வளையாமல் உட்காருவது, பணிவு குறையாமல் கை தூக்குவது, ‘மேலிடத்துக்குத் தெரிவிச்சிருக்கோம்’ என்ற பதிலை முகம் மாறாமல் வாங்கிக்கொள்வது என்று பயிற்சி படிப்படியாக நடந்தது. யாராவது வேதியியல் புத்தகத்தைத் திறந்தால், கவனம் சிதறுகிறது என்று கண்டித்தார்.

வீட்டிலும் மாமா விடவில்லை. மகள் மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்தால் போதும், போய் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார். அடுப்படியில் கை தெரியாமல் நின்ற அவர் மனைவி, பரீட்சை பிள்ளைக்கா எனக்கா என்று இருட்டிலேயே திட்டித் தீர்த்தாள். மகள் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அன்று படித்ததையெல்லாம் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பாள். என்ன பொறுமை பாரேன் என்று மாமா பூரித்துப்போனார்.

தேர்வு நாளன்று யாரும் எதிர்பாராத அசம்பாவிதம் ஒன்று நடந்துவிட்டது. கணினிகள் வேலை செய்தன. கடைசிவரை ஒன்றுகூடத் தடுமாறவில்லை. இப்போது நிற்கும், அப்போது நிற்கும் என்று கையை மடியில் வைத்துக் காத்திருந்த பிள்ளைகளுக்கு நேரம்தான் தீர்ந்தது.

மாமாவின் மகள் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள்.

“நல்லா எழுதியிருக்கேன்ப்பா. எல்லாமே தெரிஞ்ச கேள்வி.”

“ஒரு தடவைகூட நிக்கலையா?”

“இல்லப்பா.”

மாமா இடிந்துபோனார். “சரி விடும்மா, மனசைத் தளர விடாதே. அப்பா இருக்கேன்ல.”

வாசலில் பெற்றோர் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்றுக்குத் தயார் செய்யச் சொல்லிவிட்டு இன்னொன்றை நடத்தினால் பிள்ளைகள் கதி என்னாவது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மாமா பேனாவைத் திறந்தார். ‘முன்னறிவிப்பின்றியும், நெடுநாள் நடைமுறைக்கு முற்றிலும் மாறாகவும் கணினிகள் இயங்கியமையால், முறையாகப் பயிற்சி பெற்ற மாணாக்கர் பேரிழப்புக்கு ஆளாகியுள்ளனர்’ என்று ஆரம்பித்த அந்த மனு, அவர் கைப்பட எழுதியதிலேயே சிறந்தது. முதல் கையெழுத்தும் அவருடையதுதான்.

முடிவு ஒரு காலையில் வந்தது. மகளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மத்தியானம் இன்னோர் ஆணை வந்தது. ‘தேர்வு தடங்கலின்றி நடைபெற்றமைக்கு ஆணையம் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது. முடிவுகள் ரத்து. மறுதேர்வு உரிய தடங்கல்களுடன் நடத்தப்படும்.’

தெரு முழுக்கக் கொண்டாட்டம். மாமாவைத் தோளில் தூக்காத குறை. அவரோ செருப்பைக்கூட மாட்டாமல் ஆணையத்துக்கு ஓடினார். அதிகாரி எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

“என் பொண்ணுக்கு இடம் கிடைச்சிருந்தது சார். அந்த மனுவைத் திருப்பிக் கொடுத்துடுங்க.”

“அதெப்படிங்க முடியும்? இந்த ஆபீஸ் ஆரம்பிச்ச நாளா நாங்க நடவடிக்கை எடுத்த ஒரே மனு இதுதான்.”

சுவரைக் காட்டினார். மனு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு அழுகை வந்தது. அந்த அழுகையிலும், இரண்டாவது பத்தி என்ன எடுப்பாக இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“இந்தத் தடவை நல்லா எழுதினா, உங்ககிட்ட சொல்லலாமா வேண்டாமாப்பா?”