பல்லுக்குப் பயந்த துப்பாக்கி

ராமநாதபுரம் சீமையிலேயே துப்பாக்கி வைத்துக்கொண்டு பறவைகளை வாழவைத்தவர் ரவையார் ஒருவர்தான். முதுகுளத்தூர் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊரில், எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. குழல் வாய் வழியாக வெடிமருந்தை இடித்துக் கெட்டிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். சுடுவது குறைவு. எந்தப் பறவைக்கு எந்த ரவை என்று யோசிப்பதுதான் முழுநேர வேலை.

எங்கள் பக்கம் துப்பாக்கியில் போடும் ஈயமணிக்கும் ரவை என்றுதான் பெயர், உப்புமா கிண்டுவதற்கும் ரவை என்றுதான் பெயர். கல்யாணமான புதிதில், "வெள்ளன கம்மாய்க்குப் போறேன், ரவையப் பொட்டலங் கட்டி வை" என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறார். பாக்கியத்தக்கா டவுனில் பிறந்தவள். அடுப்படி டப்பாவைத் திறந்து ஆசையாகக் கட்டி வைத்தாள். இவர் அதைப் பிரிக்காமலே குழலில் திணித்துச் சுட்டார். சத்தத்தில் ஊரே எழுந்தது. ஒரு நாரைகூட விழவில்லை.

"ஏலே, நாரைக்குப் பலகாரம் போட்டுட்டு வாரியா?" என்று தெருப் பெருசுகள் கேட்டார்கள். அன்று விழுந்த பெயர்தான் ரவையார். சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு ஒருநாள் கொக்கு சுட்டு வந்தார். குழம்பில் கிடந்த ரவையைக் கடித்து பாக்கியத்தக்காவுக்குக் கடைவாய்ப்பல் உடைந்தது. அதிலிருந்து ரவையாருக்குக் கிறுக்கு முற்றிவிட்டது. பொடி ரவை கறிக்குள்ளேயே தங்கிவிடும். பெரிய ரவை துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும், ஆனால் குறி தப்பாமல் இருக்க வேண்டும். பாம்பனிலிருந்து வலைக்குக் கட்டும் ஈயத்தை வாங்கிவந்து உருக்கி, கடுகளவு, மிளகளவு, சுண்டைக்காயளவு என்று சிரட்டை சிரட்டையாக வைத்துக்கொண்டு முழித்திருப்பார். சைக்கிள் பால்ரஸைப் போட்டால் என்ன என்றும் ஒரு யோசனை வந்தது.

"ஈயத்துக்கே போன பல்லு, இரும்புக்கு நிக்குமாக்கும்?" என்றாள் அவள்.

அப்புறம் மழை பொய்த்தது. மிளகாய்ச் செடியெல்லாம் நின்றபடியே காய்ந்தது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு பாதிச் சனம் ஊரைவிட்டுப் போனது. பாக்கியத்தக்கா நெஞ்சுச் சளியில் படுத்துவிட்டாள். குடித்த கஞ்சி தங்கவில்லை. "கறிச்சாறு வச்சுக் குடுத்தா எந்திரிப்பா" என்றார் கம்பவுண்டர். ஊரில் கோழி ஏது? கண்மாயின் கடைசிக் குட்டையில் நாலைந்து நாரைகள் நின்றன. ரவையாரிடம் ஒரு வேட்டுக்குத்தான் மருந்து இருந்தது.

சிரட்டைகளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பொடி ரவையைத் தூவினால் ஒன்றாவது விழும், ஆனால் அவள் பல்லுக்கு ஆகாது. ஒற்றைக் குண்டு போட்டால் கறி சுத்தம். தப்பினால் வெறுங்கை.

உள்ளேயிருந்து இருமலோடு குரல் வந்தது. "நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கம்மாயே வத்திரும். சாறு குடிக்க எதுக்குய்யா பல்லு? பொடியவே போடுங்க."

"சும்மா கெட. கறியவும் திங்கணும்ல நீ."

ஒற்றைக் குண்டைத்தான் போட்டார். தப்பிவிட்டது. பறந்த நாரைகள் திரும்பவில்லை. பாக்கியத்தக்கா அந்த வாரத்தைத் தாண்டவில்லை. "இனிமே என் பல்லப் பத்திக் கவலையில்ல, பொடியப் போட்டே சுடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாளாம்.

மறுவருசம் மழை பெய்து கண்மாய் நிறைந்தது. நான் பிள்ளை பெற்றிருந்தேன். ரவையார் வேலிக்கு மேலாக என் மாமியாரிடம் ஒரு சட்டியை நீட்டினார். கொக்குக் குழம்பு. பொடி ரவையால் சுட்டது. காலையிலிருந்து கறியை விரலால் தடவித் தடவி ரவை பொறுக்கினாராம்.

கொல்லையில் உட்கார்ந்து தின்றேன். கடைசி வாயில் நறுக்கென்றது.

அவர் வேலியோரம் நின்றுகொண்டே இருந்தார். "ஏத்தா, பல்லுல எதுவும் பட்டுச்சா?"

அதுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஈயத்தை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, "இல்லண்ணே" என்றேன்.