ஆறு நிமிடத்தில் காலியான நான்கு மாடி

தன் வயிறு ஒரு தடவை உறுமியதில் நான்கு மாடிக் கட்டடம் ஆறே நிமிடத்தில் காலியாகிவிட்டது என்று அறிவிப்பாளர் சொன்னதும், மருமகள் கையிலிருந்த காப்பி டம்ளரை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

அவள் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கடை அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் சொல்வதில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு இன்னும் பிடிபடவில்லை.

விஷயம் சின்னது. "மாமா, டிபனுக்குப் பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள இந்த வைட்டமின் மாத்திரையைப் போட்டுக்குங்க" என்று காப்பியோடு நீட்டினாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார்.

"வெறும் வயித்துல நான் அதைத் தொடமாட்டேம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கீழ் வீட்டுல கைக்குழந்தை வேற இருக்கு."

"புளுகு," என்றது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அது அறிவிப்பாளரின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். அறிவிப்பாளர் வேலை பார்த்த அதே கடையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் இரண்டு வேலைகளுக்காக வருவார்: சாப்பிட, இந்தக் கதையை மறுக்க. "அன்னைக்கு ஜெனரேட்டர்ல கோளாறு. அறிக்கை எழுதினதே நான்தான்."

"மச்சான், நீங்க பேப்பரைப் படிங்க," என்று சொல்லிவிட்டு அறிவிப்பாளர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய திங்கட்கிழமை அது. ஊசி முதல் ஊஞ்சல் வரை விற்கும் அந்தக் கடையின் நான்காம் மாடியில், கண்ணாடி அறைக்குள் மைக்கோடு உட்கார்ந்திருப்பவர் அவர். 'தள்ளுபடி' என்ற சொல்லை அவர் சற்றே குரலைத் தாழ்த்திச் சொன்னால், குடை வாங்க வந்தவர் கட்டிலோடு போவார். இது அவரே சொன்னது. வேறு யாரும் சொன்னதில்லை.

அன்று பதினோரு மணிக்கு அவருக்குப் போட்டியாக ஓர் இயந்திரம் வரவிருந்தது. பதிவு செய்த குரலில் தானாகப் பேசும் பெட்டி. அதற்குச் சளி பிடிக்காது, விடுப்பு கேட்காது. தலைமை அலுவலகத்துக்காரர் இரண்டையும் கேட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். தோற்றால் அறிவிப்பாளர் மறுநாள் முதல் கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ண வேண்டும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அட்டைப்பெட்டியிடம் என்ன பேசுவது?

கொஞ்ச நாளாகவே உடம்பில் அசதி. மருந்துக் கடைக்காரர் இரும்புச் சத்தும் சேர்ந்த வைட்டமின் மாத்திரை ஒரு டப்பா கொடுத்து, "தினம் ஒண்ணு. சாப்பிட்ட பிறகு" என்றிருந்தார். அந்த வாக்கியத்தில் முதல் பாதி அறிவிப்பாளருக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் பாதியை அவர் தன் சொந்த அறிவால் திருத்திக்கொண்டார். வயிறு காலியாக இருந்தால், காலிச் சாலையில் பஸ் போவதுபோல் சத்தெல்லாம் நேரே தொண்டைக்குப் போய்ச் சேரும் அல்லவா?

மாத்திரையைப் போட்டுப் பால் இல்லாத காப்பியைக் குடித்தார்.

"ரெண்டு துண்டு ரொட்டியாவது தின்னுட்டுப் போங்க," என்றாள் மனைவி.

"சிங்கம் வேட்டைக்குப் போறப்ப டிபன் சாப்பிட்டுட்டா போகும்?"

"சிங்கம் வைட்டமின் மாத்திரை போடாது."

மூன்றாவது பஸ் நிறுத்தத்தில் சிங்கத்துக்குக் குமட்டியது. வயிற்றுக்குள் யாரோ நாற்காலிகளை இழுத்து இழுத்துப் போடுவது போலிருந்தது.

கடையில் நுழைந்ததும் பணம் வாங்கும் பெண், "என்ன சார், முகம் பச்சையா இருக்கு? ஒரு சோடா குடிங்க, ஏப்பம் வந்தா சரியாயிடும்" என்றாள். குடித்தார். ஏப்பம் வரவில்லை. நாற்காலிகளோடு இப்போது பலூன்களும் சேர்ந்துகொண்டன.

செருப்புப் பிரிவு ஊழியர், "எலுமிச்சம்பழத்தை அப்படியே பிழிஞ்சு குடிங்க சார், நம்மகிட்ட கைவசம் இருக்கு" என்றார். செருப்புப் பிரிவில் எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை. குடித்தார். பலூன்களுக்குக் கீழே யாரோ அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

நாலு வாய் எதையாவது சாப்பிட்டால் போதும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது; காலையிலேயே மனைவி சொல்லியிருந்தாள் என்பதற்காகவே அதைத் தவிர்த்தார்.

பதினோரு மணி. பெட்டி முதலில் பேசியது. தடுமாற்றம் இல்லை, மூச்சு வாங்கவில்லை. அடுத்து இவர்.

"அன்பான வாடிக்கையாளர்களே, இரண்டாம் மாடியில் குழந்தைகளுக்கான..."

கர்ர்ர்ர்.

நான்கு மாடிக்கும் கேட்டது. பொம்மைப் பிரிவில் ஓர் அம்மா, "அது பேட்டரியில ஓடுறதா, சாவி குடுக்குறதா?" என்று விலை விசாரித்தார்.

மேலாளர் தொலைபேசியில் வந்தார். "என்னய்யா அது?"

"கதவு சார்."

"எண்ணெய் போடு. இன்னொரு தடவை அந்தக் கதவு பேசிச்சுன்னா நீ கிடங்குக்குப் போயிடு. தலைமை அலுவலகப் பெரியவர் குறிப்பெடுக்கிறார்."

அறிவிப்பாளர் யோசித்தார். சத்தம் வெளியே வரக் கூடாது, அவ்வளவுதானே? இடுப்பு பெல்ட்டை இரண்டு ஓட்டை உள்ளே தள்ளி இறுக்கினார். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மூச்சை இழுத்தார். அந்த மூச்சுக்குத்தான் உள்ளே இடமில்லை.

பெல்ட் அறுந்தது.

மேட்டில் ஏறும் லாரிபோல் தொடங்கியது அந்தச் சத்தம். நடுவில், ஒரு தெருவின் கடைகளெல்லாம் ஒரே சமயத்தில் ஷட்டரை இறக்குவதுபோல் முழங்கியது. பாத்திரப் பிரிவில் தட்டுகள் ஒன்றோடொன்று நலம் விசாரித்துக்கொண்டன. "கட்டடம் இடியுது" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் மைக்கைப் பிடித்து மூன்று முறை மன்றாடினார். "பயப்படாதீங்க, நில்லுங்க. அது என் வயிறுதான்." மானத்தை விட்டுச் சொன்னார். ஒருவரும் நிற்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்தால், ஒற்றைக் காலில் புதுச் செருப்போடு ஒருவர் ஓடினார். ஒரு பெண் துணிக்கடைப் பொம்மையைத் தன் நாத்தனார் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். இயந்திரத்தைக் கொண்டுவந்த ஆள் இயந்திரத்தை விட்டுவிட்டு ஓடினார். மச்சான் படிக்கட்டில் நின்று விசில் ஊதி வழிகாட்டினார்.

ஆறு நிமிடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வெளியே. ஒரு கீறல் இல்லை. முந்தின வருட வெளியேற்றப் பயிற்சியில், பாதிப் பேர் பேரம் முடியட்டும் என்று நின்றதில், நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

தெருவில் தலைமை அலுவலகத்துக்காரர் மூச்சு வாங்க, "என்ன நடந்துச்சு?" என்றார்.

"ஜெனரேட்டர் சார்," என்றார் மச்சான். "எல்லாரையும் பத்திரமா வெளியேத்தினது இவர்தான்."

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அந்தப் பெட்டியால இது முடியுமா?" என்றார்.

பெட்டி திரும்பிப் போனது. அறிவிப்பாளர் மேலும் பதினொரு வருடம் வேலை பார்த்தார்.

"அன்னையிலிருந்து முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் மாத்திரை," என்று கதையை முடித்தார்.

மருமகள் ரொட்டித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "ஒரே ஒரு சந்தேகம் மாமா. வயித்துச் சத்தம் மைக்ல நாலு மாடிக்கும் கேட்டுச்சு. அதே மைக்ல நீங்க மூணு தடவை நில்லுங்கன்னு சொன்னது மட்டும் ஏன் ஒருத்தருக்கும் கேக்கல?"

அறிவிப்பாளரின் கை ரொட்டியோடு பாதியில் நின்றது. பத்தொன்பது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

"அதானே," என்றாள் மனைவி.

"பயத்துல காது அடைச்சிருக்கும்..." என்று தொடங்கினார். அவருக்கே அது ஏறவில்லை. முகம் சுருங்கிவிட்டது. "ஒருவேளை ஜெனரேட்டராவே இருந்திருக்குமோ?"

மச்சான் குதிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் செய்தித்தாளை நான்காக மடித்து வைத்தார்.

"ஜெனரேட்டர் அன்னைக்கு ஓடவே இல்லம்மா," என்றார் மருமகளிடம். "முதல் சத்தம் கேட்டதும் நான் மேல ஓடினேன். இன்னொரு தடவை கேட்டா மாப்பிள்ளைக்கு வேலை போயிடுமேன்னு, அறைக்கு வெளியில இருந்தே ஸ்பீக்கருக்குப் போற வயரைப் பிடுங்கிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் பெல்ட் அறுந்துச்சு. அதை நான் அறிக்கையில எப்படி எழுதுவேன், சொல்லு?"

மச்சான் மாத்திரை டப்பாவை எடுத்து, மாப்பிள்ளையின் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தார்.

"நடந்தது உண்மைதான். மைக்தான் இல்ல."