கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு கும்பாபிஷேகம்

பெண் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் வீட்டில் ஒருவன் மூன்றைத் திறக்கக்கூடாது: வாய், குளிர்சாதனப் பெட்டி, கம்பியூட்டர். முதல் இரண்டையும் நான் பத்திரமாக மூடித்தான் வைத்திருந்தேன். மூன்றாவதைத் திறந்ததால்தான் இன்றைக்கும் எங்கள் குடும்பத்து நல்ல காரியங்களில் என்னைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருத்துவதில்லை.

அப்போது நான் டீட்டிகோனில் இருந்தேன். நான் பெண் கேட்டிருந்த தர்சிகா வின்டர்தூரில் இருந்தாள். நடுவில் சூரிச் நகரமும் அவளுடைய அப்பாவும் இருந்தார்கள். சூரிச்சை ரயிலில் கடந்துவிடலாம். அப்பாவைக் கடக்க வழி தெரியவில்லை. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறவர். ஏசுகிற மனிதர் இல்லை (ஏசினால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்). "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"முக்கு ஓம் என்றும் பொருள் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம், வந்த வழியால் போ என்றும் கொள்ளலாம். எங்கள் விஷயத்தைச் சொன்னபோது "ம்ம்" என்றார். பிறகு "யோசிப்பம்" என்றார். அதற்குப் பிறகு ஒரு கோடை முழுக்க யோசித்தார்.

அவரை என்னவென்று கூப்பிடுவது என்பதே எனக்குப் பெரிய பயம். மாமா என்றால் பதில் வருமுன்பே உரிமை எடுத்ததாகிவிடும். ஐயா என்றால் அவர் வேலை செய்யும் இல்லத்தில் சேர வந்தவன் மாதிரி இருக்கும். ஆகவே அங்கிள் என்றேன். அதையும் அவருக்குக் கேட்காத சத்தத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். இன்று பதில் வரப்போகிறது என்று புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கை கழுவிவிட்டு வந்தவர் கேட்டார்.

"நீர் கம்பியூட்டர்தானே படிச்சனீர்?"

"ஓம், அங்கிள்."

"அப்ப என்ரை கம்பியூட்டரை ஒருக்காப் பாரும்."

நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் புரோகிராம் எழுதுகிறவன். ஒருவருடைய நாய் இன்னொருவருடைய சோபாவைக் கடித்தால் யார் பணம் கொடுப்பது என்று கணக்குப் பார்க்கும் புரோகிராம். கம்பியூட்டரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. ஆனால் எங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. கம்பியூட்டர் படித்த பிள்ளை என்றால் தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, கோயில் ஒலிபெருக்கி, சலவை இயந்திரம் எல்லாவற்றுக்கும் அவன்தான் வைத்தியன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

அங்கிளுக்கு வீடியோ வெட்டி ஒட்டுவது பொழுதுபோக்கு. மூத்த மகளைச் சோலோதுர்னில் கட்டிக்கொடுத்திருந்தார். அந்தக் கல்யாண வீடியோவை அவரே எடிட் செய்துகொண்டிருந்தார். தாலி கட்டும் இடத்துக்கு வந்ததும் படம் நின்று நின்று நகர்ந்தது. மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நின்றது. நாதஸ்வரம் மட்டும் முன்னால் போய்விட்டது.

"கிராபிக்ஸ் கார்ட் மாத்தினாச் சரிவருமாம். மலிவா ஒண்டு பாத்து எடும். ஆனா நல்லதா இருக்கோணும்."

"மலிவு எண்டால் எவ்வளவுக்குள்ள, அங்கிள்?"

"ம்ம். நீர் படிச்சனீர்தானே. உமக்குத் தெரியும்."

சப்பாத்துப் போடும்போது தர்சிகா மெதுவாகச் சொன்னாள், "கவனம். அக்காவின்ரை கல்யாணம் அந்த ஒரு கம்பியூட்டரிலைதான் கிடக்கு. கமெரா மெமரி கார்டுகளை அழிச்சு ஆற்றையோ மகளின்ரை சாமத்தியவீட்டை எடுக்கப் பாவிச்சிட்டார்."

"வேறை கொப்பி இல்லையோ?"

"இல்லை. அதுக்கு ஏதும் நடந்தா உங்களுக்கும் எனக்கும் கல்யாணம் இல்லை. ச்சூஸ்." சுவிஸ்காரர் மாதிரி விடைசொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அன்றிலிருந்து நான் கிராபிக்ஸ் கார்ட் தேடத் தொடங்கினேன். ஒரு கார்டில் எத்தனை விதமாகத் தோற்கலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. நீளம் கூடினால் பெட்டிக்குள் போகாது. நினைவகம் குறைந்தால் படம் திணறும். பலம் கூடினால் பழைய நெட்ஸ்டைல் (அதுதான் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மூச்சை விட்டுவிடும். ஜெர்மன் மொழியில் இதற்கென்றே இணைய மன்றங்கள் இருக்கின்றன. அங்கே சிவப்புக் கட்சி, பச்சைக் கட்சி என்று இரண்டு கம்பனிகளின் விசுவாசிகள் அடிபடுகிறார்கள். சுவிஸில் எங்கள் தமிழ்ச் சங்கங்கள்கூட இவ்வளவு கசப்போடு இரண்டாகப் பிரிந்ததில்லை. நான் பணிவாக ஒரு கேள்வி போட்டேன்: வீடியோ எடிட் செய்ய மலிவாக எது நல்லது? ஒருவர் பச்சை என்றார். ஒருவர் சிவப்பு என்றார். மூன்றாமவர், பயந்துகொண்டு மலிவாக வாங்குகிறவன் இரண்டு தரம் வாங்குவான் என்றார். நான் பயந்துகொண்டிருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். நான்காமவர்தான் கேட்கவேண்டியதைக் கேட்டார்: உன்னுடைய நெட்ஸ்டைல் எவ்வளவு பலம்?

தர்சிகாவுக்கு எழுதினேன்: பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபலைப் படம் எடுத்து அனுப்பு. உடனே படம் வந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த லேபல்தான், சந்தேகமில்லை. பிள்ளையார் மோதகத்தோடு இருந்தார்.

"உள்ளுக்கை இருக்கிற லேபல், தர்சி!"

"உள்ளுக்கை திறக்கிறதெண்டா அப்பாவைக் கேக்கவேணும். கேக்கட்டோ?"

"வேண்டாம், வேண்டாம், வேண்டாம்."

இப்படித்தான் முடிவெடுத்தேன். வேறு வயர் தேவையில்லாமல், பொருத்துகிற இடத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சின்னக் கார்டுகள் சில இருக்கின்றன. பலம் மட்டு. சத்தம் இல்லை. யாரோடும் பிரச்சினைக்குப் போகாது. ஏறக்குறைய என்னை மாதிரி. அதில் எல்லோரும் "பரவாயில்லை" என்று எழுதியிருந்த ஒன்றை வாங்கினேன். ஒரே ஒரு காற்றாடி. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது.

அடுத்த ஞாயிறு அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வின்டர்தூர் போனேன். அங்கே கம்பியூட்டர் அறையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேசைக்குப் பக்கத்தில் வாழையிலை, அதன்மேல் அரிசி, அதன்மேல் பித்தளைக் கும்பம். கும்பத்தில் மாவிலையும் தேங்காயும். குத்துவிளக்கு வேறு.

"அன்ரி, இது என்னத்துக்கு?" என்று தர்சிகாவின் அம்மாவைக் கேட்டேன்.

"புதுச் சாமான் பூட்டுறியள். கல்யாண வீடியோவும் உள்ளுக்கை கிடக்கு. சும்மா தொடங்கலாமோ? ராகுகாலத்துக்கு முன்னம் முடிச்சுப்போடுங்கோ."

அங்கிள் கார்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானோ?"

"மூர்த்தி சிறிசெண்டாலும்..." என்று தொடங்கினேன்.

"ம்ம்" என்றார். மிச்சத்தை விழுங்கிக்கொண்டேன்.

அன்ரி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். எந்த வாகனத்துக்கும் இயந்திரத்துக்கும் நெற்றி ஒன்று இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. கார்டின் நெற்றி என்று அவர் கண்டுபிடித்தது கீழே வரிசையாக மின்னும் தங்க நிறப் பற்களை. ஈரச் சந்தனம் அதில் பட்டால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. "அன்ரி, அது கால்! கால்! நெற்றி இஞ்சை" என்று கத்திக் காற்றாடியின் நடுவைக் காட்டினேன். காலில் பொட்டு வைக்கப் போனதற்காக அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பெட்டியைத் திறக்குமுன் உடம்பில் இருக்கும் மின்சாரத்தைப் போக்க ஹீட்டரைத் தொடவேண்டும் என்று மன்றத்தில் படித்திருந்தேன். தொட்டேன். ஒரு திருகாணியைக் கழற்றினேன். திரும்பவும் தொட்டேன். அடுத்த திருகாணி. திரும்பவும் ஓடிப்போய்த் தொட்டேன்.

"தம்பிக்குக் குளிருதோ?" என்று அங்கிள் கேட்டார். எனக்கோ சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கார்ட் "டக்" என்று அமர்ந்தது. அந்த டக் அமர்ந்த சத்தமா, உடைந்த சத்தமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். வயர்களைக் கொழுவினேன். கையில் சந்தனம். "கை கழுவிக்கொண்டு வாறன், அங்கிள்" என்று குளியலறைக்கு ஓடி, கண்ணாடியைப் பார்த்து மூச்சை இழுத்து விட்டேன்.

நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அன்ரி கம்பியூட்டருக்குச் சாம்பிராணி காட்டியிருக்கிறார். காட்டிய பிறகு அந்தத் தட்டை எங்கே வைப்பது? மேலே வைத்தால் கூரையிலுள்ள புகை மணி அடிக்கும். முன்பொருமுறை அடித்து, கட்டிடம் முழுவதும் வெளியே ஓடி, வீட்டுப் பொறுப்பாளர் கடிதம் போட்டிருக்கிறார். ஆகவே அன்ரி சுவிஸ் சட்டத்துக்கு மரியாதை கொடுத்து, தட்டை மேசைக்குக் கீழே, மேசையோடு ஒட்டி நிலத்தில் நின்ற கம்பியூட்டரின் முன்பக்கத்தோடு ஒட்டித் தள்ளிவிட்டார். கம்பியூட்டர் முன்பக்கத்தால் காற்றை உறிஞ்சி மேற்பக்கத்தால் விடும் பிராணி என்பது அவருக்குத் தெரியாது. தட்டு அங்கே இருப்பது எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தேன். அங்கிள் பொத்தானை அழுத்தினார். காற்றாடி சுழன்றது. அதன் நடுவிலிருந்த பொட்டு மஞ்சள் வளையமாகியது. திரையில் வெளிச்சம் வந்தது. கார்டுக்குரிய மென்பொருளும் குறை சொல்லாமல் ஏறியது. அங்கிள் வீடியோவைப் போட்டார். மாப்பிள்ளையின் கை இறங்கியது. எங்கும் நிற்காமல் தாலி ஏறியது. நாதஸ்வரமும் மேளமும் கூடவே வந்தன.

அங்கிள் சிரித்தார். நான் அவருடைய பல்லை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். பெட்டியின் மேல் கையை வைத்துக் குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டினார்.

அவருடைய விரல்களுக்கு நடுவால் புகை வந்தது.

முதலில் நூல்போல. பிறகு கயிறுபோல. பிறகு பெட்டியின் மேற்பக்கம் முழுவதாலும் வெள்ளையாகக் குபுகுபுவென்று. வாசம் வரவில்லையா என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் காலையிலிருந்தே சாம்பிராணி வாசம்தான். மூக்கு அதை எப்போதோ கைவிட்டிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று: கார்ட் எரிகிறது, அக்காவின் கல்யாணம் எரிகிறது, என் கல்யாணமும் அதற்குள்ளேதான் எரிகிறது. அதோடு அந்த மனிதரின் கை இரும்புப் பெட்டியின் மேல் இருக்கிறது.

"மாமா! கையை எடுங்கோ! கரண்ட் அடிக்கப்போகுது, மாமா!"

கத்தியபடி அவரைத் தள்ளினேன். அவர் பின்னாலிருந்த கட்டிலில் போய் விழுந்தார். பிளக்கை இழுத்தேன் (அன்று நான் செய்த ஒரே படித்த காரியம்). அத்தோடு நின்றிருக்கலாம். கண்ணுக்கு முன்னால் கும்பம் இருந்தது. கும்பத்தில் தண்ணீர் இருந்தது. தூக்கினேன். தேங்காய் உருண்டு கட்டிலடிக்குப் போனது. திறந்திருந்த பெட்டிக்குள் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அவ்வளவையும் ஊற்றினேன்.

பெட்டியிலிருந்து தண்ணீர் நிலத்துக்கு வடிந்து, மேசைக்குக் கீழே ஊர்ந்து போனது. அங்கிருந்து "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தோம். சாம்பிராணித் தட்டு அணைந்துகொண்டிருந்தது. அணைகிற சாம்பிராணி கடைசியாக விடும் புகை எழுந்து நேரே கூரைக்குப் போனது. புகை மணி அடித்தது.

சுவிஸில் ஞாயிற்றுக்கிழமை, சத்தம் வரும் என்று வெற்றுப் போத்தலைத் தொட்டியில் போடவே தடை. அந்த மணி கட்டிடத்தையே எழுப்பியது. அன்ரி கதிரையில் ஏறி, கிராபிக்ஸ் கார்ட் வந்த மட்டைப் பெட்டியால் விசிறினார். "கடவுளே, கும்பத்தைக் கவிழ்த்துப்போட்டியளே" என்று அழுதார். தர்சிகா வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். கார்டின் காற்றாடியில் ஒரு மாவிலை வடிவாக ஒட்டியிருந்தது.

அங்கிள் கட்டிலில் இருந்தபடியே அந்த மாவிலையைப் பார்த்தார். "ம்ம்" கூடச் சொல்லவில்லை.

வீடியோ இருந்த டிஸ்க்கைக் கழற்றித் துடைத்து, அன்ரி தந்த சிவப்பரிசிப் பைக்குள் புதைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். வாசலில் தர்சிகா, "அப்பாவை மாமா எண்டு கூப்பிட்டனீங்கள். தெரியுமோ?" என்றாள். தெரியாது. ஒரு குற்றத்துக்கே தலை கவிழ்ந்திருந்தவனுக்கு இரண்டாவது குற்றமும் கிடைத்தது. டீட்டிகோன் வரைக்கும் அரிசிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். எதிரே இருந்த சுவிஸ் பெண்மணி இருக்கை மாறி இருந்தார்.

மறுநாள் மாலை டிஸ்க் நன்றாகக் காய்ந்த பிறகு, வேலையிடத்து நண்பனிடம் வாங்கிய கருவியில் அதைச் செருகினேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு "மதுரா கல்யாணம்" என்று அக்காவின் பெயரில் ஒரு கோப்பு கண் திறந்தது. தாலி ஏறியது. மேளம் கேட்டது. நான் தரையில் இருந்துவிட்டேன். அங்கே இருந்தபடியே வின்டர்தூருக்குத் தொலைபேசி அடித்தேன்.

"அங்கிள், வீடியோ தப்பிட்டுது. முழுக்க இருக்கு, அங்கிள்."

மறுமுனையில் அவர் கேட்டார்.

"ஆர் அங்கிள்?"

"நான்... கஜன் கதைக்கிறன், அங்கிள்."

"அது தெரியுது. நேற்று நெருப்பெண்டவுடனை மாமா எண்டு கத்தினனீர். வீடியோவை விட்டுட்டு முதல் என்ரை கையைத்தான் பாத்தனீர். இண்டைக்குத் தண்ணி வத்தின உடனை அங்கிளோ?"

"ம்ம்" என்றேன்.

"அது என்ரை சொல்லு. நீர் ஓம் எண்டு சொல்லும்."

"ஓம், மாமா."

கார்ட் பிழைக்கவில்லை. பூசை செய்த சாமானைக் குப்பையில் போடக்கூடாது என்று அன்ரி, அதாவது மாமி, அதைச் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு பூ கிடைக்கிறது. அந்த நாளைக் குடும்பம் "வின்டர்தூர்க் கும்பாபிஷேகம்" என்றுதான் சொல்லும். புதுக் கம்பியூட்டரை மாமா கடையில் போய்த் தானே தெரிந்தெடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் கல்யாண வீடியோவையும் அவர்தான் எடிட் செய்தார். அதில் ஓர் இடம் வந்தால் வீட்டில் எல்லோரும் சாப்பாட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். ஐயர் ஓமகுண்டத்தில் நெய் விடுகிறார். புகை எழுந்து என் முகத்துக்கு வருகிறது. அப்போது பின்னாலிருந்து பட்டு வேட்டியும் சால்வையுமாக ஓர் ஆள் மெல்லக் குனிந்து, எனக்குப் பக்கத்திலிருந்த கும்பத்தைத் தூக்கி, என் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போகிறார். மாமா, தான் வரும் அந்த இடத்தை வெட்டவில்லை. மெதுவாக ஓடவிட்டு, நாதஸ்வரம் போட்டிருக்கிறார்.