ஒரே உதை

"மாப்ள, நாளைக்கு மத்தியானம் வந்துருவேன். வண்டியத் தொடச்சு வைங்க, வந்ததும் ஒரு ரவுண்டு போகணும்."

வேளாங்கண்ணி போயிருந்த மாமனார் மூக்கையா இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் ஸ்டான்லி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். துடைப்பதற்கு வண்டி இருந்தால்தானே? அதைத்தான் அவன் போன வாரமே விற்றுவிட்டானே.

முழுத் தப்பும் அவன் மேல் இல்லை. அந்தப் பழைய புல்லட்டை மூக்கையா தினமும் மூச்சு வாங்க வாங்க உதைப்பார். அது லேசில் ஸ்டார்ட் ஆகாது. "இந்தச் சனியன வித்துத் தொலைச்சாத்தான் நிம்மதி" என்பார். திண்டுக்கல்லில் பழைய வண்டி வைத்திருக்கிற ஆளெல்லாம் காலையில் சொல்கிற வசனம்தான். சொல்வார்கள், விற்கமாட்டார்கள். இது தெரியாத அப்பிராணி, மாமனாருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து விற்றுவிட்டான்.

விற்ற பிறகுதான் மனைவி ஜெஸ்ஸி விஷயத்தைச் சொன்னாள். அது அவளுடைய அம்மா செபாஸ்தியம்மாளின் கல்யாணத்துக்குத் தாத்தா கொடுத்த சீர் வண்டி. கண் பட்டுவிடும் என்று பல வருஷமாக அப்பா அம்மாவைக்கூட வண்டிப் பக்கத்தில் விடுவதில்லை. தார்ப்பாய் போட்டு மூடியேதான் வைப்பார்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா நம்மள வீட்டவிட்டுத் தொரத்திருவாரு" என்றாள்.

ஸ்டான்லி வீட்டோடு மாப்பிள்ளை. பயந்துபோய் ஜெஸ்ஸியின் சைக்கிளைத் தார்ப்பாய்க்குள் நிறுத்தி மூடி வைத்திருந்தான். விஷயம் தெரிந்த மாமியாரும் புருஷனிடம் மூச்சுவிடவில்லை. இனி அந்தச் சைக்கிள் உதவாது. வண்டியை வாங்கியவரோ போனை எடுக்கவே இல்லை.

மெக்கானிக் இஷாக்கிடம் ஓடினான். அதே மாடல் வண்டி ஒன்று சித்தையன்கோட்டையில் தேங்காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. அதைப் பேசி வாங்கி, பெயின்ட் அடித்து, பழைய நம்பரையும் எழுதினார்கள். பழைய வண்டியின் டேங்கில் இடது பக்கம் ஒரு ஒடுக்கு இருக்கும். இஷாக் பதமாகத் தட்டினான். போதாது என்று ஸ்டான்லி சுத்தியலை வாங்கி ஒரு போடு போட்டான். ஓட்டை விழுந்து பெட்ரோல் ஒழுகியது. சோப்பை அப்பி அடைத்தார்கள். புதுப் பெயின்ட் பளபளத்ததால் தெருப் புழுதியை அள்ளிப் பூசினார்கள். இப்போது வண்டி புழுதியில் புரண்ட எருமை மாதிரி நின்றது.

மறுநாள் மூக்கையா வந்து பையைக்கூட இறக்கவில்லை, நேராக வண்டியில் ஏறினார். கால்மணி நேரமாவது ஸ்டார்ட் ஆகாமல் இருக்கவேண்டும் மாதாவே என்று ஸ்டான்லி மனசுக்குள் வேண்டினான்.

ஒரே உதை. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

தொலைந்தோம் என்று நினைத்தான் ஸ்டான்லி. ஆனால் மூக்கையாவின் முகம்தான் வெளிறிப்போனது. சட்டென்று இறங்கி, சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். எதையாவது செய்து பேச்சை மாற்றவேண்டுமே என்ற பதற்றத்தில் ஸ்டான்லி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அத்தே, மாமா ஊருக்குப் போயிட்டு வந்துருக்காரு. வண்டிக்குக் கொஞ்சம் பூ போடுங்க."

"அவ எதுக்கு? கிட்ட வராத" என்றார் மூக்கையா.

அதற்குள் செபாஸ்தியம்மாள் மல்லிகைச் சரத்தோடு வந்துவிட்டார். பூவைச் சுற்றக் குனிந்தவர், சீட்டுக்கு அடியில் எதையோ பார்த்து முந்தானையால் புழுதியைத் துடைத்தார். சின்னதாக ஒரு சிலுவை கீறியிருந்தது.

"கல்யாணமான புதுசுல நான் ஆணியால கீறுனது" என்று அதைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து புருஷனைப் பார்த்தார்.

"எங்கப்பா குடுத்த வண்டி இதாங்க. அப்ப இம்புட்டு வருசமா நீங்க ஒதச்சுக்கிட்டுக் கெடந்தது யாரு வண்டி?"