எஸ்தாவோலைப் பிரிக்க மாட்டேன்

கனம் பொருந்திய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய தையல்காரன் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும், உங்கள் மருமகளாகிய என் மகளும் சுகம். அங்கே அக்காவின் சுகமும் உங்கள் முழங்காலின் சுகமும் அறிய ஆவல்.

விஷயம், நேற்று நீங்கள் திருப்பிக் கொடுத்த வரைபடம். ஞாயிறு வகுப்பில் முதன்முதலாகப் பாடம் நடத்தப் போகிறேன், இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களின் நிலத்தையும் துணியில் ஒட்டுப்போட்டுத் தாங்கப்பா என்று மகள் கேட்டாள். கால்சட்டைக்குப் பை வைக்கிறவன் கையில் கானான் தேசத்தைக் கொடுத்தால் என்ன ஆகுமோ என்று பயந்துதான் கத்தரியை எடுத்தேன். யூதா கோத்திரத்துக்கு நீலம், பக்கத்தில் தாண் கோத்திரத்துக்கு மஞ்சள். யோசுவா புத்தகத்தை மேசையில் விரித்து, ஊருக்கு ஒரு பொத்தானாக வைத்துக்கொண்டே போனேன். யூதாவின் முதல் பட்டியலை இருபத்தொன்பது என்று வேதம் முடிக்கிறது, பொத்தான் முப்பதைத் தாண்டிவிட்டது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று மறுபடி எண்ணினேன். பொத்தான் குறையவில்லை. அப்புறம் வந்தது எஸ்தாவோல். பதினைந்தாம் அதிகாரத்தில் யூதாவிடம் இருந்த ஊர், பத்தொன்பதாம் அதிகாரத்தில் தாணிடம் இருக்கிறது. நான் யாரைக் கேட்பது? இரண்டு பேருக்கும் பொதுவாக, தையல் மேலேயே பொத்தானை வைத்துத் தைத்துவிட்டேன்.

நீங்கள் சபைச் செயலாளர், முப்பது வருஷம் நிலம் அளந்தவர். "எல்லைன்னா ஒரே கோடுதான் மாப்ள. ஒரு ஊரு ரெண்டு பேருக்கு எப்படிச் சொந்தமாகும்? பிரிச்சுத் தைச்சுக் கொண்டாங்க" என்றீர்கள். மகள் முகம் சுருங்கிவிட்டது. அங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது.

மச்சான், உங்களுக்கு அளவுச் சங்கிலி தெரியும், எனக்குத் துணி தெரியும். ஓரத்தோடு ஓரம் வைத்து எவனாலும் தைக்க முடியாது. ஒரு விரற்கடையாவது ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். அந்த ஏறின துணி யாருக்குச் சொந்தம்? ரெண்டு துண்டுக்கும்தான். அது இல்லேன்னா முதல் சலவையிலேயே யூதா ஒரு பக்கம், தாண் ஒரு பக்கம். எருசலேமைப் பாருங்க. அங்கே குடியிருந்த எபூசியரைத் துரத்த முடியலேன்னு ஒரு புத்தகம் யூதாவைச் சொல்லுது, அடுத்த புத்தகம் பென்யமீனைச் சொல்லுது. தோத்ததுலகூடப் பங்கு! வேதமே விட்டு வைத்திருக்கிற தையல் விளிம்பை வெட்ட நான் யார்? நீங்க செயலாளரா இருந்தாலும் சரி, இனிமே என் வாசப்படி மிதிக்க மாட்டேன்னாலும் சரி, எஸ்தாவோலைப் பிரிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அது வகுப்புச் சுவரில் தொங்கும். ஏணியும் ஆணியும் நானே கொண்டு வருவேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் இரத்த அழுத்தம் தன் எல்லைக்குள்ளேயே நிற்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

இப்படிக்கு,
கத்தரியைக் கீழே வைக்காத
உங்கள் தங்கை புருஷன்

பி.கு.: கடிதத்தை மடிக்கிற நேரத்தில் உங்கள் தங்கை படத்தைச் சுவரில் பிடித்துப் பார்த்தாள். "ஏங்க, கடல் மேற்காலதானே இருக்கணும்? இதுல சூரியன் கடல்லேருந்துல்ல உதிக்குது?" என்றாள். துணியின் உட்புறத்தில் கோடு போட்டு வெட்டுவது கைப்பழக்கம், திருப்பியதும் தேசமே இடம் வலமாகிவிட்டது. பன்னிரண்டு கோத்திரத்தையும் பிரித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் பிரித்தது எஸ்தாவோலைத்தான். திரும்பத் தைக்கும்போதும் அது தையல் மேலேதான் உட்காரும். முப்பது வருஷம் நிலம் அளந்த உங்கள் கண்ணுக்கும் இது படவில்லை என்பதால், இந்தத் தப்பும் நம் இருவருக்கும் பொதுவாகவே இருக்கட்டும்.