பன்னிரண்டு தலைகளும் ஒரு ‘எல்லா’வும்

என் காதில் எந்தக் கோளாறும் இல்லை. கேட்டதை மூளைக்குக் கொண்டுபோகும் வழியில்தான் எங்கோ பழுது.

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது மலேசியாவின் கூலாய் ஊரில், வீட்டிலேயே அடைந்து கிடந்தேன். துணைக்கு ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம். பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கடுக்காகப் படியவைத்துப் பொருள் செய்யும். அதுவரை நான் அதில் செய்த ஒரே சாதனை, கைப்பேசியைத் தாங்காத ஒரு கைப்பேசித் தாங்கி.

பக்கத்து நகரமான ஜொகூர் பாருவில் மருத்துவமனைத் தாதியாக இருக்கும் கலா அக்கா அழைத்தாள்.

“தம்பி, ஃபேஸ் ஷீல்டு தீந்துபோச்சுடா. ஃபைல் பிளாஸ்டிக்க வெட்டி வச்சிருக்கோம், தலையில மாட்டுற வளையம்தான் இல்ல. பன்னெண்டு பேரு திங்கக்கெழம கோவிட் வார்டுக்குப் போறோம். செஞ்சி குடு.”

“சைஸ் என்னக்கா?”

மாஸ்க்குக்குள்ளிருந்து பதில் வந்தது. “எல்லா!”

“எல்லாவா?”

“ஆமாடா, எல்லா!”

இதைவிடத் தெளிவாக எப்படி உறுதிசெய்வது? (தொழிற்சாலையில் எனக்குத் தரக் கட்டுப்பாட்டு வேலை. சிரிக்காதீர்கள்.) நான்கு அளவுகளில், அளவுக்கு மூன்றாக அச்சடித்தேன். சின்ன வளையத்தைப் பார்த்தபோது கொஞ்சம் குழம்பினேன். பெரியவர்கள் வேலை செய்யும் இடத்தில் இவ்வளவு சின்னத் தலை யாருக்கு? சரி, மருத்துவத்தில் நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

திங்கள் காலை, போலீஸ் அனுமதிக் கடிதத்தோடு மருத்துவமனை வாசலில் நின்றேன். அக்கா ஒன்றை மாட்டினாள். உச்சந்தலையிலேயே நின்றது. இன்னொன்று நேராகக் கழுத்துக்கு இறங்கியது.

“என்னடா இது?”

“நீதானக்கா எல்லா சைஸும் கேட்ட?”

“அலமாக்! எல், லா! எஸ், எம், எல்லுன்னு வருதே, அந்த எல்! தொப்பிக்கு மேல மாட்டணும்லா!”

பேச்சின் வாலில் நாங்கள் ஒட்டும் அந்த ‘லா’ என்னைக் கவிழ்த்துவிட்டது. பன்னிரண்டில் மூன்றுதான் பொருந்தும். மற்ற ஒன்பது பேர் எதை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள்? அவர்களில் அக்காவும் ஒருத்தியானால்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா திட்டவில்லை, நேரமும் இல்லை. கத்தரிக்கோலை எடுத்து, பொருந்தாத ஒன்பதையும் பின்பக்கம் வெட்டி, பேண்டேஜ் துணியால் முடிச்சுப் போட்டாள். முதுகில் வெள்ளை வால் ஆட, வரிசையாக உள்ளே போனார்கள். எல்லாரும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள் என்பதால்தான் இதை இன்று சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

போன தீபாவளிக்குத் துணிக்கடையிலிருந்து அக்கா அழைத்தாள். “ஒனக்குச் சட்ட சைஸ் என்னடா?”

“எல்” என்றேன். மிகக் கவனமாக, ‘லா’ போடாமல்.

வந்த பையில் நான்கு சட்டைகள் இருந்தன. ஒரே நிறம், ஒரே கோடு, நான்கு அளவு.