திரைக்கு நான்கெல்லை

உலகத்திலேயே முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் திரைக்கு நான்கெல்லை வகுத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிய பெருமை, 1994-ஆம் ஆண்டு ராஜபாளையத்துக்குக் கிடைத்தது. கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரனுக்கு, அதில் அண்ணனுக்கு எது, தம்பிக்கு எது என்று யோசிக்கிற அளவுக்கு அறிவு முதிர்ந்திருக்கவில்லை.

இந்தச் சாதனைக்கு வித்திட்டவள் நூர்பானு. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, 'இரட்டைப் புறா' பேண்டேஜ் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். முதலாளிகள் இருவர். அண்ணன் ஞானரத்தினம், தம்பி வேதசிரோமணி. போன ஈஸ்டரிலிருந்து புறாக்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. தறிகள் அண்ணனுக்கு, துணியை மடித்துப் பெட்டியில் அடைக்கும் பகுதி தம்பிக்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டது. மெயின் கேட்டில்கூட ஆளுக்கொரு கதவு. பிரியாமல் கிடந்தது அந்த ஒரு கம்ப்யூட்டர்தான்.

வெள்ளிக்கிழமை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு லாரி கிளம்ப வேண்டும். பெட்டிக்குப் பெட்டி லேபிள் அச்சடித்து ஒட்ட வேண்டும். நூர்பானுவின் அக்கா ஆயிஷாவுக்கு அடுத்த மாதம் அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அதனால் இந்த வேலையை அவள் கூடுதல் அக்கறையோடுதான் செய்தாள்.

திங்கட்கிழமை காலை எடிட்டரில் திரையை நெடுக்காக இரண்டாகப் பிரித்தாள். இடது பாதியில் சரக்குப் பட்டியல், வலது பாதியில் லேபிள் புரோகிராம். அதைப் பார்த்து இதைத் திருத்தலாம். ஒன்றை மூடி இன்னொன்றைத் திறக்கிற தொல்லை இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்தது.

கோட்டைக் கண்டதும் பெரிய முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏம்மா, யாரைக் கேட்டுப் பிரிச்ச?"

"ரெண்டு ஃபைலையும் ஒண்ணா பாக்கத்தான் மொதலாளி."

"ஒண்ணா பாக்க எதுக்கும்மா பிரிக்கணும்? சரி, பிரிச்சது பிரிச்சதுதான். எடது பக்கம் என் பங்கு. அங்கன சொல்லிரு."

'அங்கன' என்பது ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்த தம்பி. அவர் டியூப் லைட்டைப் பார்த்துப் பேசினார்.

"அவிய எடத்துல பாதிய எடுத்துக்கிட்டாகன்னா மறுபாதி எனக்குன்னு எழுதிக் குடுக்கச் சொல்லும்மா."

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்திர எழுத்தர் சங்கரலிங்கம் வரவழைக்கப்பட்டார். முப்பது வருஷமாகத் தென்னந்தோப்புகளையும் கிணறுகளையும் பிரித்தவர். திரையை இன்ச் டேப்பால் அளந்தார். திருப்தி இல்லை.

"தாயி, இதுக்கு விஸ்தீரணம் எம்புட்டு?"

"குறுக்க எம்பது எழுத்துங்க."

"கோடு?"

"அது ஒரு எழுத்து எடத்தை எடுத்துக்கும்."

"அப்ப மிச்சம் எழுபத்தொம்பது." அவர் பேனாவை மூடினார். "ஒத்தப்படை தாயி. கோர்ட்டுல போய் நிக்கிற நம்பரு இது."

ஒரு எழுத்து அகல நிலம் யாருக்கு என்று புதன்கிழமை முழுவதும் 'பேச்சுவார்த்தை' நடந்தது. பொது எருமையைக் கட்டிக் கறப்பதுபோல, ஒரு மாதம் அவருக்கு, மறுமாதம் இவருக்கு என்று சாயங்காலம் முடிவானது. பத்திரம் பிறந்தது: அண்ணன் பங்குக்கு மேற்கே மானிட்டர் விளிம்பு, கிழக்கே பொதுச்சுவராகிய கோடு, தெற்கே கீபோர்டு, வடக்கே சுவரில் தொங்கும் காலண்டர். கர்சருக்கு மட்டும் வழிநடைப் பாத்தியம் உண்டு. ஒருவர் பங்கில் வேலை நடக்கையில் மற்றவர் பங்கு துணித்திரை போட்டு மூடப்பட வேண்டும்.

நூர்பானுவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஐயா, ரெண்டையும் பாத்தாத்தான் லேபிள் வரும்."

"செத்த நேரம் இதைப் பாரு, பொறவு அதைப் பாரு," என்றார் சங்கரலிங்கம். "ஒரே நேரத்துல ரெண்டு வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குறது பொம்பளப்பிள்ளைக்கு அழகா தாயி?"

திரைத்துணி வெளியில் வாங்குவானேன் என்று, ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்த பெட்டி ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த பேண்டேஜ் துணியையே தைத்துத் தொங்கவிட்டார்கள். வியாழக்கிழமை காலை அண்ணன் பங்கு மூடப்பட்டது. தம்பி பங்கில் நூர்பானு வேலையைத் தொடங்கினாள். பட்டியல் இல்லாமல் என்ன எழுதுவது என்று திகைத்து இடது பக்கம் திரும்பியவளுக்கு, துணிக்குப் பின்னால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. முதல் வரியே தெரிந்தது: 'பேண்டேஜ் துணி, 8 மடிப்பு.'

அவள் துணியின் ஓரத்தை நகத்தால் பிரித்து எண்ணினாள். இரண்டு மடிப்பு. மறுபடி எண்ணினாள். இரண்டுதான். குடோனுக்குப் போய் இன்னும் நாலு பெட்டியைத் திறந்து பார்த்தாள். எல்லாம் இரண்டுதான். ஆயிஷாவின் வயிற்றில் இதைத்தான் வைத்துக் கட்டப்போகிறார்கள்.

பெரிய முதலாளியிடம் ஓடினாள்.

"மடிக்கிறது அவன் பங்கும்மா. நான் நெய்யிறதோட சரி."

சின்ன முதலாளியிடம் ஓடினாள்.

"அவிய குடுத்த துணி எட்டு மடிப்புக்குப் பத்தல. இருக்கிறதத்தான மடிக்க முடியும்?"

"அப்ப இந்தத் தப்பு யாரு பங்கு ஐயா?" என்று, திரை பத்திரப்படி தொங்குகிறதா எனப் பார்க்க வந்திருந்த சங்கரலிங்கத்திடம் கேட்டாள்.

அவர் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரலால் தொட்டுப் படித்தார். "இதுல யாருக்கும் ஒதுக்கல தாயி."

யாருக்கும் ஒதுக்காததை நூர்பானு தானே வைத்துக்கொண்டாள். புரோகிராமில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். மாதிரி லேபிளை அச்சடித்து ஒப்புதலுக்கு வைத்தாள். பத்திரப்படி தாளை நடுவில் மடித்தார்கள். அண்ணன் இடது பாதியைப் படித்துக் கையெழுத்திட்டார். தம்பி வலது பாதியைப் படித்துக் கையெழுத்திட்டார். அந்த ஒற்றை எண் சரியாக மடிப்புக்கோட்டில் விழுந்திருந்தது. அது எதிராளியின் பாடு என்று இருவருமே விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை லாரி போனது. மறு வெள்ளிக்கிழமை அதே லாரி, ஒரு பெட்டி குறையாமல் திரும்பி வந்தது. 'எட்டு மடிப்பு கேட்டோம், லேபிளிலேயே 2 மடிப்பு என்று போட்டிருக்கிறீர்கள், தங்கள் நேர்மைக்கு நன்றி' என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதமும் வந்தது.

அன்று நடந்ததை ராஜபாளையம் மறக்காது. அண்ணன் எழுந்து தம்பியின் மேஜைக்குப் போனார். தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டார். இருவரும் ஒரே கடிதத்தைப் படித்தார்கள், ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்தார்கள். பிறகு நூர்பானுவைக் கூப்பிட்டு, ஒரு ஆர்டர் டைப் அடிக்கச் சொன்னார்கள்.

"எந்தப் பக்கத்துல அடிக்கட்டும் மொதலாளி? எடதா, வலதா?"

"கோட்டை எடுத்துட்டு முழுசா அடிம்மா," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அண்ணன் பாதி வாக்கியம் சொல்ல, தம்பி மீதியைச் சொன்னார். பெட்டிக்குள் இருந்ததைப் பெட்டியின் மேல் எழுதிய குற்றத்துக்காக, நூர்பானு இன்று முதல் வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள்.